கடிகாரப் பெட்டிக்குள் காட்டுத்தாளி

கடிகாரக்காரரின் கடையில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும். சுவரில் தொங்கும் அத்தனை கடிகாரங்களும் ஒன்றுபோல மணி அடிக்கும். தெருவில் போகிறவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். நேரத்துக்கு நடக்காதது ஒன்றே ஒன்றுதான். அது கடையில் இல்லை, அவர் வயிற்றில் இருந்தது.

"ஏங்க, உள்ளே போய் ஒரு யுகமாச்சு," என்று மனைவி தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தட்டுவார். "பேப்பரைப் படிச்சிட்டு இருக்கீங்களா, இல்ல எழுதிட்டு இருக்கீங்களா?"

தொழில் அப்படி. ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்துவிட்டால் நடுவில் எழ முடியாது. தலைமயிரைவிட மெல்லிய சுருள்வில் ஒன்று உள்ளே இருக்கும். நாற்காலி நகரும் அதிர்வுக்கே அது துள்ளி எங்காவது போய்விடும். எழ வேண்டாமே என்று அவர் தண்ணீர் குடிப்பதில்லை. நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் காணாத ஒரு குடல் என்ன செய்யும்? அதுவும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது.

இதைக் கண்டுபிடித்தவர் இரண்டு தெரு தள்ளி மூலிகைப் பொடி விற்கும் பொடிக்கடைக்காரர். கைக்கடிகாரத்துக்கு வார் மாற்ற வந்தவர், கடிகாரக்காரரின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"இதுக்கா? வார் மாத்த ரெண்டே நிமிஷம்தான்."

"வாருக்கு இல்ல. உங்களுக்கு."

கடிகாரக்காரர் சிவந்துபோனார். ஆனால் அன்று மாலையே பொடிக்கடைக்குப் போனார். தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகளாக அடுக்கிய கடை அது. பொடிக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்றை இழுத்து, சாம்பல் பச்சையாக ஒரு பொடியை எடுத்துத் தாளில் கொட்டினார்.

"காட்டுத்தாளி இலை. வேலியில, வயல்ல, ரயில் தண்டவாளத்து ஓரத்துல எல்லாம் படருமே, புனல் மாதிரி வெள்ளையா, லேசா ரோஸா பூக்குமே, அது."

"அது களை இல்லையா?"

"வேண்டாத இடத்துல முளைச்சா களை. வேண்டியவன் கைக்கு வந்தா மருந்து. நல்லாக் கேட்டுக்குங்க. இந்தக் குடும்பத்துக் கொடிங்களுக்கு வேர்ல ஒரு பிசின் இருக்கும். அது குடலைப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கிடும். அதனால வேர்ப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க. இலை கொஞ்சம் சாது. அரைச்சு வீக்கத்துக்குப் போடுறவங்களும் உண்டு. உங்களுக்கு ராத்திரி வெந்நீர்ல ஒரு சிட்டிகை போதும். அதுவும் தினம் வேண்டாம். வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"வீட்டுல கர்ப்பமா யாராவது இருந்தா அவங்க கையில படவே கூடாது. குழந்தைங்களுக்கும் ஆகாது. அப்புறம் தண்ணி குடிங்க, மகாராசனா. பாதி மருந்து அதுதான்."

பொடி வேலை செய்தது. எவ்வளவு நன்றாக என்றால், மறுநாள் காலை மனைவி கதவைத் தட்டப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. கடிகாரக்காரர் சமையலறையில் நின்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. பிறகு ஒருநாள் பொடிக்கடைக்காரர் இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

"தீர்ந்துபோச்சு. வழக்கமாக் கொண்டுவந்து கொடுக்கிறவங்க நிறுத்திட்டாங்க. செடியே கிடைக்கலையாம்."

"களைக்கா தட்டுப்பாடு?"

"எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. என்ன பண்றது? ரோட்டோரத்துல பறிக்கவும் பயமா இருக்கு, எந்தப் புண்ணியவான் எந்த மருந்தைத் தெளிச்சு வச்சிருக்கானோ." அவர் இழுப்பறையின் மூலையைத் தட்டினார். கரும்பழுப்பாக, மூன்று பட்டையாக, சொரசொரப்பாக நாலைந்து விதைகள் உருண்டு வந்தன. "இலையோட வந்து ஒதுங்கினது. நீங்கதான் தோட்டம் வச்சிருக்கீங்களே, போட்டுப் பாருங்களேன்."

கடிகாரக்காரர் விதைகளை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாங்கும்போதே அவருக்கு வயிறு கலங்கியது. அதற்கு மருந்து காரணமில்லை, சம்பந்தியம்மா காரணம்.

நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. தரிசாகக் கிடந்த நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். கடிகாரக்காரரின் துண்டில் தக்காளியும் கத்தரியும் இருந்தன. நாளெல்லாம் ஒரு அரிசி அளவு சக்கரத்தை உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு, தினமும் காலையில் கொஞ்ச நேரம் தொலைவில் எதையாவது பார்த்தால்தான் உயிர் வரும். அந்தத் துண்டு நிலம் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்த துண்டு சம்பந்தியம்மாவுடையது. கடிகாரக்காரரின் ஒரே மகளை அந்த அம்மாவின் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார். சம்பந்தியம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தோட்டத்துக்கும் அவர்தான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திகளுக்கு நடுவே அவர் நடந்துவரும்போது, டிக்கெட் எடுத்தவர்களும் பையைத் துழாவுவதுபோல, களை இல்லாத பாத்திக்காரர்களும் குனிந்து எதையாவது பிடுங்குவார்கள்.

அவருக்குப் பரம எதிரி ஒன்று உண்டென்றால் அது காட்டுத்தாளிதான். அவருடைய அவரைக்கொடிகளில் ஏறிக் கழுத்தை நெரித்த கொடி அது. கொத்திக் கிளறினால் ஒழியும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அதுதான் அந்தக் கொடிக்கு வேண்டியது. அதன் வேர் வெள்ளையாக, நூல்போல, தொட்டால் ஒடியும். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. மண்வெட்டி எடுத்து ஒரு செடியை ஒழிக்கப் போகிறவன் ஒரு ஊரையே நட்டுவிட்டு வருவான்.

சம்பந்தியம்மா மண்வெட்டியைத் தொடவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். தளிர் தலை நீட்டும்போதெல்லாம் மண் மட்டத்தில் வெட்டினார். இலை இல்லாத செடி சமைக்க முடியாத வீடுமாதிரி. அடியில் சேர்த்துவைத்ததைத்தான் எடுத்துத் தின்ன வேண்டும். வேர் மறுபடி தளிர் விட்டது, அவர் மறுபடி வெட்டினார். வேர் ஆழத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் சேமித்து வைத்திருக்கும். ஆனால் சம்பந்தியம்மாவின் பொறுமை அதைவிட ஆழம். பல வருஷம் இப்படி வெட்டி வெட்டி, போன வருஷத்தோடு தோட்டத்தில் ஒரு கொடி இல்லாமல் ஆக்கிவிட்டார். வாசல் பலகையில் அவர் கையாலேயே எழுதிய விதியும் ஏறிற்று: காட்டுத்தாளி காணப்படும் பாத்தி அன்றே திரும்பப் பெறப்படும்.

"அப்பா, வேற எதுல வேணும்னாலும் எங்க அத்தைகிட்ட மாட்டிக்கோங்க," என்று மகளே சொல்லியிருந்தாள். "அந்தக் கொடி விஷயத்துல மட்டும் வேண்டாம். சொந்தப் பிள்ளைன்னுகூடப் பார்க்க மாட்டாங்க."

ஆகவே கடிகாரக்காரர் முதலில் கடையிலேயே முயன்றார். விதைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நல்ல உரமண் நிரப்பிய தேநீர்க் கோப்பையில் போட்டார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கோப்பை அப்படியே இருந்தது. ஊரெல்லாம் அழிக்க முடியாமல் தவிக்கும் கொடி, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தும் வர மறுத்தது.

பொடிக்கடைக்காரர் சிரித்தார். "அது பூட்டுப் போட்ட விதைங்க. மேல்தோல் அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ள இறங்காது. அதான் மண்ணுக்குள்ள வருஷக்கணக்காத் தூங்கும். தோலை எங்கயாவது லேசாக் கீறிவிடணும். உள்ள இருக்கிற முளையில பட்டுடக் கூடாது."

இதைவிடப் பொருத்தமான வேலையை உலகத்தில் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். விதையைச் சாமணத்தால் பிடித்தார். கடிகாரப் பற்களைத் தேய்க்கும் ஊசி அரத்தால், முளை இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, முதுகில் ஒரே இழுப்பு. கரிய தோலுக்கு அடியில் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட்டார். வாசலில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார்.

"என்ன வாட்ச் சார் அது, இவ்வளவு சின்னதா?"

"ரொம்பப் பழைய மாடல். நின்னு ரொம்ப நாளாச்சு. ஓட வைக்கப் பார்க்கிறேன்."

ஓடத் தொடங்கியது. சில நாளில் மூன்று விதைகள் முளைத்தன. முதலில் வந்த இரட்டை இலைகள் சதுரமாக, நுனியில் யாரோ கடித்ததுபோல ஒரு பள்ளத்தோடு இருந்தன. அதற்குப் பிறகுதான் அம்புமுனை வடிவத்தில் உண்மையான இலைகள் வந்தன. ஆனால் கடைக்குள் வெயில் வராது. கொடி வெளுத்து, எலும்பும் தோலுமாக, விளக்கைத் தேடிக் கண்ணாடி அலமாரி மேல் சாய்ந்தது. வீட்டிலோ சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வெயில் வேண்டுமென்றால் தோட்டம்தான்.

"பிடிபட்டா நீங்க யார்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்," என்றார் மனைவி. ஆனாலும் பழைய பெயின்ட் டப்பாவை அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். "சம்பந்தி வீட்டுல போய் எந்த முகத்தோட உட்காரறது? ஜாக்கிரதையாப் பண்ணுங்க."

ஜாக்கிரதையாகத்தான் செய்தார். தோட்டத்தில் கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால், ஆள் உயரக் கடிகாரம் ஒன்றின் மரப்பெட்டி நின்றது. அதன் சொந்தக்காரர் வேண்டாமென்று கடையில் விட்டுப்போனது. உள்ளிருந்த இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு, கடிகாரக்காரர்தான் பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். முன்புறம் நீளமான கண்ணாடிக் கதவு, உள்ளே பெண்டுலத்தின் பித்தளைக் கம்பி மட்டும் தொங்கியது. பெயின்ட் டப்பாவின் பக்கவாட்டில் துளை போட்டு, அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தார். துளை வழியாக ஒரு வேர் எட்டிப் பார்த்தாலும் தட்டில்தான் விழும், தோட்டத்து மண்ணைத் தொடாது. இந்தமுறை உரமண்ணுக்குப் பதில் கரடுமுரடான செம்மண்ணும் மணலும் போட்டு, மூன்று செடிகளையும் நட்டு, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தார். காலை வெயில் கண்ணாடி வழியாக நேரே விழுந்தது. கொடி நிறம் மாறிற்று, தெம்பு வந்தது, தண்டு நீண்டது. யாராவது வந்தால் மறைக்க ஒரு சாக்குப் படுதாவும் தொங்கவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கொடி ஏற வேண்டுமே என்று அவர் தண்டை எடுத்துப் பெண்டுலக் கம்பியைச் சுற்றி அழகாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் கொடி கழன்று கீழே தொங்கியது. மறுபடி சுற்றினார். மறுநாளும் கழன்றிருந்தது. காற்றா என்றால் கதவு சாத்தியிருந்தது. பூனையா என்றால் பூட்டியிருந்தது. ஒரு பல்லி கிடைத்தது. அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு வெளியே விட்டார். பல்லி போன பிறகும் கொடி கழன்றது.

"யாரோ சாவி போட்டுத் திறந்து பிரிச்சுவிட்டுப் போறாங்க," என்று மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார்.

"ஆமா, ஊர்ல வேற வேலையில்ல பாருங்க."

நூலால் கட்டிப் பார்த்தார். கட்டிய இடத்துக்கு மேலே கொடி முறுக்கிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மருமகன்போல வேறு பக்கம் திரும்பி நின்றது. தளிர் நுனி வாடிற்று, இலை சிறுத்தது. பூத்த பிறகுதான் இலையைப் பறிக்க வேண்டும் என்று பொடிக்கடைக்காரர் சொல்லியிருந்தார். இந்தப் போக்கில் கொடி எங்கே பூப்பது? இதற்குள் மனைவியும் மறுபடி குளியலறைக் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.

கடிகாரக்காரர் ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. யோசித்திருக்கவும் முடியாது. வாழ்நாள் முழுக்க அவருடைய கை ஒரே பக்கம்தான் சுற்றியிருந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வலப்பக்கம், திருகாணியை இறுக்குவது வலப்பக்கம், மூடியைப் போடுவது வலப்பக்கம். இறுக்கவேண்டும் என்று மனம் நினைப்பதற்குள் கை வலப்பக்கம் திரும்பிவிடும். கொடியையும் அந்தக் கைதான் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோட்டத்தில் எல்லாப் பாத்திகளையும் பார்வையிடும் நாள். தலைவரும் மற்றவர்களும் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கடிகாரக்காரர் விடிந்ததும் வந்து, படுதாவை இழுத்து மூடி, அதன்முன் ஒரு மண்வெட்டியையும் இரண்டு கூடைகளையும் சாத்திவைத்தார். நிமிர்ந்தால் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, இன்னைக்கு ரொம்ப சீக்கிரம்?"

"தக்காளிக்குத் தண்ணி..."

"தக்காளி அந்தப் பக்கம் இல்ல இருக்கு?"

"ஆமா. அங்கதான் போயிட்டு இருந்தேன்."

சம்பந்தியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே பார்த்தார். கடிகாரக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

பெட்டியின் உச்சியில், கடிகார முகம் இருந்த வட்டத் துளை வழியாக ஒரு தளிர் வெளியே வந்திருந்தது. மூன்று செடிகளில் ஒன்று, அவர் கட்டாமல் விட்ட சோணிச் செடி, பெட்டியின் பின்பக்க மூலையில் இருந்த ஒரு கம்பியைத் தானாகப் பிடித்து மேலே ஏறியிருக்கிறது. காலை வெயிலில் அதன் நுனியில் வெள்ளையாக, ஓரத்தில் லேசாக ரோஸ் பூசிய ஒரு பூ, ஒலிபெருக்கி மாதிரி வாயைத் திறந்து ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்குமேல் என்றால் அது குடைபோலச் சுருங்கி மூடியிருக்கும். சம்பந்தியம்மா காலையில் வந்துவிட்டார்.

அவர் கூடைகளை ஒதுக்கினார், மண்வெட்டியை ஒதுக்கினார், படுதாவை விலக்கினார், பூட்டில் தொங்கிய சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். கடிகாரக்காரருக்குத் தக்காளிச் செடிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து விடைபெற்றுக்கொண்டன. அடுத்து மகள் முகம் வந்தது. சம்பந்தியம்மாவின் கை உள்ளே போயிற்று. பிடுங்கப் போகிறார் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிடுங்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தார். சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூல்முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இப்படிச் சுத்தினது?"

"நான்தான்."

"கொடியா இல்ல பம்பரமா? இந்தப் பக்கமாவா சுத்துவாங்க?" அவர் தண்டைத் தூக்கி, கம்பிக்குப் பின்னால் கொண்டுபோய், எதிர்ப்பக்கமாக இடஞ்சுழியாகச் சுற்றினார். கொடி முரண்டு பிடிக்கவில்லை. சொந்த வீட்டுப் படிக்கட்டில் ஏறுவதுபோலக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. "இது உங்க கடிகாரம் இல்ல சம்பந்தி. மேலேர்ந்து பார்த்தா முள்ளு ஓடுறதுக்கு நேர் எதிரா ஓடும். எப்பவும் அப்படித்தான். நீங்க வலப்பக்கம் சுத்திவிட்டுப் போனா, நீங்க தலை மறைஞ்சதும் அது தன் வழியில திரும்பும். கழலாம என்ன செய்யும்?"

கடிகாரக்காரர் வாயைப் பிளந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க. எத்தனை வருஷம் இதை என் அவரையிலேர்ந்து பிரிச்சு எடுத்திருக்கேன்! எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு தெரியாம எப்படிப் பிரிக்கிறது? எதிரியைப் பத்தித் தெரிஞ்ச மாதிரி சொந்தக்காரங்களைப் பத்திக்கூட எனக்குத் தெரியாது." இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் சின்னதா இருக்கு. நல்லாப் பூத்ததும் பறிச்சு நிழல்ல காயப்போடுங்க. வெயில்ல போட்டா வைக்கோல்தான்."

 கடிகாரக்காரரின் மண்டைக்குள் ஏதோ ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தின் பல்லில் விழுந்தது.

"சம்பந்தியம்மா, நான் இலைக்காக வளர்க்கிறேன்னு சொல்லவே இல்லையே?"

சம்பந்தியம்மாவின் கை அப்படியே நின்றது. ஓடுகிற ரயிலில் யாரையும் கண் சிமிட்டாமல் பார்ப்பவர், இப்போது கொட்டகையின் கூரையை ஆராய்ந்தார்.

"டூட்டி நேரம் அப்படி," என்றார் கடைசியில். "ஒருநாள் ராத்திரி வண்டி, ஒருநாள் காலை வண்டி. ஓடுற வண்டியில தண்ணி குடிக்க யோசனை. வயிறு மனுஷன் வயிறா இருக்குமா?"

"பொடிக்கடை?"

"அவருக்குச் சாக்கு சாக்கா யார் கொடுத்தாங்கன்னு நினைச்சீங்க? வெட்டினதை எல்லாம் குப்பையில போட்டா மறுபடி வேர் பிடிக்கும். காயவச்சு அவர்கிட்ட கொடுத்தா அவருக்கும் ஆச்சு, எனக்கும் ஒரு பொட்டலம் ஆச்சு."

"அப்ப ஏன் நிறுத்தினீங்க?"

"எங்கேர்ந்து கொடுக்க? அதான் ஒரு கொடி இல்லாம ஒழிச்சிட்டேனே!" அவர் குரலில் பெருமையும் துக்கமும் சரிபாதியாக இருந்தன. "விழா மாதிரி எல்லாரும் கைதட்டினீங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பொட்டலம் காலி. அப்பத்தான் உறைச்சுது."

கடிகாரக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சம்பந்தியம்மா முறைத்தார், பிறகு முறைத்துக்கொண்டே அவரும் குலுங்கினார். இரண்டு குடும்பமும் சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

வாசல் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. தலைவரும் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாவின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"விதி விதிதான் சம்பந்தி. நான் எழுதினது. தோட்டத்துக்குள்ள இது இருந்தா உங்க பாத்தி போச்சு. யாருக்காகவும் மாத்த மாட்டேன், எனக்காகவும் மாத்த மாட்டேன்."

"புரியுதுங்க." அவர் தலை குனிந்தது.

"என்ன புரிஞ்சுது? அந்தப் பக்கம் பிடிங்க."

"எது?"

"பெட்டியைத்தான். ஸ்டேஷனுக்கு வெளியே நிக்கிறவன்கிட்ட நான் டிக்கெட் கேக்கறதில்ல. அவங்க வர்றதுக்குள்ள இது வாசலைத் தாண்டணும். எங்க வீட்டு மொட்டை மாடியில நாள் பூரா வெயில். கீழ சிமென்ட் தரை, சுத்தி இரும்புக் கம்பி, எட்டின தூரத்துக்கு மண்ணு கிடையாது. நடங்க, நடங்க. சாய்க்காதீங்க, வேர் ஒடிஞ்சு கீழ விழுந்தா நம்ம ரெண்டு பேர் பாத்தியும் போயிடும்!"

சாக்குப் படுதாவைப் போர்த்தி, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, இருவரும் பல்லக்குச் சுமப்பவர்கள்போலக் குறுகலான வரப்பில் நடந்தார்கள். கடிகாரக்காரர் முன்னால் பின்பக்கமாக நடந்ததால், எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. "இடது! இன்னும் இடது! அது வலதுங்க! உங்களுக்கு எல்லாமே வலதுதானா?" என்று சம்பந்தியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வாசலில் தலைவர் வழிவிட்டு நின்றார்.

"காலங்காத்தால கடிகாரத்தை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"ரிப்பேருக்கு," என்றார் சம்பந்தியம்மா, நிற்காமலே. "எதிர்ப்பக்கமா ஓடுது."

சம்பந்தியம்மாவின் வீடு இருந்த கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. ஆனால் பெட்டியை உள்ளே நிறுத்தியதும் ஆள் நிற்க இடமில்லை. அதை மட்டும் உள்ளே விட்டு, கையை நீட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டு, இருவரும் படியேறி ஓடினார்கள். லிஃப்ட் ஜெயித்தது. மேல் மாடியில் கடைக்குப் போகப் பையோடு நின்றிருந்த கடிகாரக்காரரின் மகள், கதவு திறந்ததும், தன்னந்தனியாகப் பயணம் செய்து வந்த ஒரு கடிகாரத்தைப் பார்த்தாள். படுதா நழுவியிருந்தது. கடிகார முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பூ அவளைப் பார்த்தது.

மூச்சு வாங்க முதலில் வந்து சேர்ந்தவர் அத்தை. அடுத்து அப்பா.

"அத்தை, இது..." என்று அவள் பூவைக் காட்டினாள். "இது அது இல்லையா?"

"அதேதான்," என்றார் சம்பந்தியம்மா. "கதவைப் பிடி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, எனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல லிஃப்டின் கூரையைப் பார்த்தார்.

அந்த வெயில் காலம் முழுக்க மொட்டை மாடியில் கொடி பூத்துக் குலுங்கியது. பூ விதையாவதற்குள் சம்பந்தியம்மா ஒன்றுவிடாமல் கிள்ளிவிடுவார். காற்றில் ஒரு விதை தோட்டத்துப் பக்கம் போனாலும் அவருக்குத் தூக்கம் போய்விடும். இலைகள் மூங்கில் தட்டில் நிழலில் காய்ந்தன. மூன்றில் ஒரு பங்கு பொடிக்கடைக்குப் போயிற்று. பொடிக்கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்து, வழக்கமான எச்சரிக்கைகளை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் கடை சாத்திய பிறகு கடிகாரக்காரர் சில நாள் அங்கே வருவார். பெரிய கோப்பையில் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்தால்தான் தேநீர். தளிர் நுனிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காத நுனி, தண்டின் ஒரு பக்கம் கொஞ்சம், அடுத்த பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி வளர்வதால், காற்றில் மெதுவாக வட்டம் போடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. கண்ணுக்குத் தெரியாத வேகம். மணி முள்ளைப் பார்த்துப் பழகியவருக்கு மட்டும் தெரிந்தது. எதையாவது தொட்டதும் அதையே அச்சாக வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடும். இடஞ்சுழியாகத்தான். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"நல்ல இயந்திரம்," என்பார் அவர். "சாவியே கொடுக்க வேண்டாம்."

"கையை வைக்காம இருந்தீங்கன்னா சரி," என்பார் சம்பந்தியம்மா.

பாத்தி அவரிடமே இருந்தது. ஆனால் அபராதம் இல்லாமல் சம்பந்தியம்மா யாரையும் இறக்கிவிட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த வருஷம் முழுக்கத் தோட்டத்து நடைபாதைக் களையை எல்லாம் கடிகாரக்காரர்தான் பிடுங்கினார். அது மட்டுமா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சம்பந்தியம்மா நேரே கொட்டகைக்குப் பின்னால் போய், பெட்டி நின்ற இடத்தில் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மண்ணை விரலால் கிளறிப் பார்ப்பார்.

"என்ன சம்பந்தியம்மா, இன்னும் என்மேல நம்பிக்கை வரலையா?" என்று ஒருநாள் கேட்டார் கடிகாரக்காரர்.

"உங்கமேல நம்பிக்கை இருக்கு," என்றார் அவர், தலை நிமிராமலே. "இதுமேலதான் இல்ல. அந்தக் கத்தரிக்கோலை எடுங்க."